அகராதியில் பார்த்த சொல்லும் உன் கைக் கயிறும்

லிங்கி, வியாழக்கிழமை

அன்புள்ள மகள் துஷ்யந்திக்கு,

நீயும் மருமகன் கிருபானந்தனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் சுகம். இரத்த அழுத்தத்தை மட்டும் காலையில் மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் வேறு வேறாக இருந்தது.

ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் போனில் அனுப்பியிருந்தாய். அதில் செவ்வாய்க்கிழமைக்கு நேரே இருந்த 'என்ட்பிண்டன்' என்ற வினைச்சொல்லை, நீ ஜெர்மனிக்குப் போனபோது நான் வாங்கிய அகராதியில் தேடினேன். பிரசவம் பார்த்தல் என்று இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். 'பிண்டன்' என்றால் கட்டுதல், முன்னால் வரும் 'என்ட்' அந்தக் கட்டை நீக்குகிறது. ஆதியில் கட்டவிழ்த்தல் என்றுதான் பொருளாம், பிள்ளைப்பேறு பிறகு வந்து சேர்ந்ததாம். ஒருவரைப் பதவியிலிருந்தோ கொடுத்த வாக்கிலிருந்தோ விடுவிப்பதற்கும் இன்றும் அதே சொல். நான் பிழையாக விளங்கியிருந்தால் மருமகனிடம் கேட்டுத் திருத்து. படித்ததும் மருத்துவச்சி பஞ்சாலையின் நினைவு வந்துவிட்டது.

நீ பிறக்கும்போது உன் அம்மா இரண்டு நாள் வலியில் கிடந்தாள். நான் அப்போது தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. பஞ்சாலை, வீட்டுல உள்ள பூட்டெல்லாம் தொறங்க கிராணியாரே, முடிச்செல்லாம் அவுருங்க, புள்ளைக்கு வழி விடணும்லா, படிச்சவரு தொறந்தா கொறைஞ்சா போயிருவீங்க என்றாள். அலமாரி, டிரங்குப் பெட்டி எல்லாம் திறந்தேன். என்னிடமிருந்த ஆபீஸ் பெட்டியை மட்டும் தோட்டத்துத் துரையின் உத்தரவில்லாமல் திறக்கப் பயந்தேன். மறுநாள் மத்தியானம் அதையும் திறந்த அரைமணியில் நீ பிறந்தாய். காரணம் அதுதானா என்று முப்பத்தாறு வருடமாகத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை.

நேற்றே இங்கு எல்லாப் பூட்டையும் திறந்துவிட்டேன். குரங்குகள் ரொட்டியைத் தூக்கிப் போயின. அடுத்த வீட்டு அமிர்தலிங்கம், என்னா சார், வாசல் கேட்டும் கதவும் ஆவுன்னு கெடக்கு, இப்பவே தீபாவளி ஓப்பன் ஹவுஸா, யாரு வேணா விருந்துக்கு வரலாமா என்று சிரித்தார். காற்றுக்காக என்றேன்.

மீதி ஒரு முடிச்சு உன் கையில் இருக்கிறது. விமான நிலையத்தில் நான் கட்டிய காப்புக் கயிறு. எக்காரணம் கொண்டும் கழற்றாதே என்று சத்தியம் வாங்கினேன். தாதி கழற்றச் சொன்னபோது அப்பா கட்டியது என்று மறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்தியில் கட்டியதல்ல மகள், பயத்தில் கட்டியது. செவ்வாய் வரை காத்திராதே, மருமகனை அவிழ்க்கச் சொல். இறுகியிருந்தால் கத்தரிக்கோல் போதும். எனக்குத் தந்த சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன். அதற்கும் அந்தச் சொல்தான், சரியாகத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

தபால் பிந்தும் என்பதால் இதைப் படம் பிடித்துப் போனிலும் அனுப்புகிறேன். காலுறை போட்டுக்கொள். மூவரும் நல்லபடியாக வீடு திரும்ப என் ஆசீர்வாதம். கயிறில்லாத கையைப் படம் பிடித்து அனுப்பு. அதுவரை வாசற்கதவைப் பூட்டமாட்டேன்.

உன் அப்பா,
சின்னத்துரை