எந்தப் பச்சை?

நவம்பர் 9, ஞாயிறு

கவிப்பிரியாவுக்கு இன்று ஆறு வயது. கேசரி கிண்டினேன். அதன்மேல் மெழுகுவர்த்தி நட்டால் சாய்ந்து சாய்ந்து விழுகிறது. "கேக்கு எங்க ஆயா? கேக்கு எங்க?" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் குழந்தை அழுதேவிட்டாள். அவள் அம்மா, என் மருமகள் ஸ்வாதி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "இந்த ஊட்டுக்குள்ள கேக்கு வரக் கூடாது." பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அரை மணி நேரம் தண்ணீர் சத்தம். மோட்டார் போட்டு ஏத்துன தண்ணி வீணாப் போவுதேன்னு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். என் வாய்க்கு அது பெரிய விஷயம்.

இந்த டைரி என் மகன் வினோத்தின் பையில் இருந்தது. பாடியில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் போன டிசம்பர் 31 அன்று எல்லாருக்கும் கொடுத்தது. அன்று சாயந்திரம் வேலப்பன்சாவடியில் வண்டியோடு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. டைரிக்கு ஒரு மடிப்புகூட இல்லை. பத்து மாதமாக அலமாரியில் வெறுமனே கிடந்தது. பத்தாவது வரைக்கும் படித்தவள்தானே நான்? யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

இன்று முடியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றும் முடியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வீட்டில் யாரும் இல்லை. ஸ்வாதி குமணன்சாவடி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடப் போயிருக்கிறாள். என் வீட்டுக்காரர் வேம்புலிக்கு ஒரு பிளாட்டில் வாட்ச்மேன் டூட்டி. பாப்பா டியூஷன். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

அன்று சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஸ்வாதி அவனுக்குப் போன் பண்ணி, வரும்போது நியூ இயருக்குக் கேக் வாங்கி வரச் சொன்னாள். இது ஊருக்கே தெரியும். அவன் வழியை மாற்றிக்கொண்டு கேக் கடைக்குப் போனான், அதனால்தான் ஒரு லாரிக்கு முன்னால் மாட்டினான் என்று எல்லாரும் பேசினார்கள்.

ஏழே காலுக்கு நான் போன் பண்ணியது யாருக்கும் தெரியாது.

ஜனவரி ஒண்ணாம் தேதி எங்கள் தெருவில் என் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருக்காரிகள் வருவார்கள். அந்த வருஷம் மயில் போடுவதாக இருந்தேன். டப்பாவைத் திறந்தால் பச்சைப் பொடி இல்லை. உடனே போனை எடுத்தேன். நான் கூப்பிட்டால் வினோத் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவான். என்னை ரெண்டாவது ரிங் வரைக்கும் காக்கவைத்ததே இல்லை.

"வண்டில கீறேம்மா, சொல்லு" என்றான்.

வண்டில கீறவன் எதுக்குடா போனை எடுத்தே, வை கீழேன்னு சொல்லியிருக்கணும். பெத்தவளா அது ஒண்ணுதானே சொல்லணும்? சொல்லலியே. "பச்சைக் கலர் பொடி வாங்கிகினு வாடா" என்றேன். "எந்தப் பச்சம்மா? கிளிப்பச்சையா, மயில்பச்சையா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சத்தம். அப்புறம் யார் யாரோ கத்துகிறார்கள். அவன் குரல் இல்லை.

பத்தாம் நாள் காரியத்தில் என் வீட்டுக்காரரின் அக்கா முனியம்மா அத்தனை பேர் எதிரில் சொன்னாள்: "கேக்கு கேட்டே புள்ளய முழுங்கிட்டா." எல்லாரும் ஸ்வாதியைப் பார்த்தார்கள். ஸ்வாதி தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

எழுதிவிட்டேன். இதில் என்ன பாரம் குறைந்தது? ஒன்றும் இல்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். தெரு முழுக்க அகல். எங்கள் வாசல் மட்டும் இருட்டு. வருஷத் திதி முடிகிற வரை விளக்கு வரிசை கிடையாது, பண்டிகை கிடையாது, கோலம் கிடையாது. தீபாவளிக்கும் இப்படித்தான்.

ஆவடியிலிருந்து ஸ்வாதியின் அம்மா வசந்தா வந்திருந்தாள். அடுக்களையில் மகளைக் கூப்பிடுகிறாள், எங்களோடு வந்து இருந்துவிடு என்று. ஸ்வாதி சொன்னது என் காதில் விழுந்தது. "அத்தே தனியாக் கெடக்கும்மா. அது ரொம்ப ஒடஞ்சி பூட்ச்சு."

எனக்காக இருக்கிறாளாம். ஐயோ, எனக்காக!

டிசம்பர் 10, புதன்

வினோத் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணினேன். மாதாமாதம் பண்ணுகிறேன். விட்டால் அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். நான் தெரியாமல் அழுத்தி எவனோ ஒருத்தன் "யாரு?" என்று கேட்டால் என் உயிர் போய்விடும்.

அவன் போன் என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருக்கிறது, மற்றபடி நன்றாகவே ஓடுகிறது. போலீஸ் கொடுத்ததை வாங்கியவள் நான்தான். ஸ்வாதி கேட்டாள், "அதுல பாப்பாவும் அவரும் எடுத்த போட்டோலாம் கீதே அத்தே." நொறுங்கிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். கடைசிக் கால் 'அம்மா' என்று இருக்குமே, அதைப் பார்த்துவிடுவாளே என்ற பயம். அவள் ஒரு தடவை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. நல்லவளாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. எதிர் வீட்டில் பூசணிப்பூ வைத்துப் பெரிய கோலம். நான் தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். சனிக்கிழமை திதி.

டிசம்பர் 20, சனி

தள்ளிப் போடாமல் இன்றே எழுதுகிறேன்.

திதி நல்லபடி முடிந்தது. காக்கா வந்து சோற்றை எடுத்தது. ஐயர் கிளம்பினார். இலை போட்டோம். முனியம்மா சாப்பிட்டுக்கொண்டே என்னிடம், "வருஷம் முடிஞ்சிச்சி அஞ்சல. நாளைலேர்ந்து கோலத்தப் போடு, ஊடு ஊடு மாதிரி இருக்கட்டும்" என்றாள். நல்லது சொல்கிறாள் என்று பார்த்தால் அடுத்த வாய் எடுத்து வைத்துக்கொண்டு, "ஒரு கேக்குக்கு ஆசப்பட்டு இப்டி ஒரு ஊட்டு வெளக்கயே அணைச்சிட்டாளே" என்றாள். ஸ்வாதி அவளுக்குத்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பாப்பா நிமிர்ந்து பார்த்து, "நீ கேக்கு வாங்கினு வரச் சொன்னதாலயாம்மா அப்பா செத்துப் போச்சி?" என்று கேட்டாள்.

ஸ்வாதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையையே பார்த்தாள். "ஆமாம்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஆமாம் என்று சொல்லத்தான் போனாள்.

"இல்லடி கண்ணு! நான்! நான்தான்!" என்று கத்திவிட்டேன். எச்சில் கையோடு பெட்டியைத் திறந்து போனை எடுத்து வந்து ஸ்வாதி மடியில் வைத்தேன். எல்லாம் சொன்னேன். ஏழே கால், பச்சைப் பொடி, அவன் கேட்ட கேள்வி, எல்லாம். முனியம்மா வாயில் வைத்த சோற்றை முழுங்கவில்லை. வீட்டுக்காரர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

ஸ்வாதி அழவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு வருசம் அத்தே" என்றாள். "ஒரு வருசம் என் மூஞ்சப் பாத்துகினே சோறு துன்னியே." 

நாலு மணிக்குப் பாப்பாவையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு ஆவடி பஸ் ஏறிவிட்டாள். போனையும் எடுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பது?

டிசம்பர் 21, ஞாயிறு

கோலம் போடலாம் என்று ஆகிவிட்டது. போடவில்லை.

டிசம்பர் 24, புதன்

நாலு நாளாக வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. இன்று டிபன் பாக்ஸை வாங்கும்போது, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். நானும் பதிலுக்கு நாலு கத்தியிருப்பேன். அந்த மனுஷன் கண் கலங்கிக் கேட்டுவிட்டாரே.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆவடி போனேன். கதவைத் திறந்த வசந்தா உள்ளே வா என்று சொல்லவில்லை. "அவ வேலைக்குப் போயிட்டா. நீங்க கொஞ்ச நாள் வராம இருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். பாப்பாவின் ரோஸ் கலர் செருப்பு வாசலில் கிடந்தது. ஒன்று குப்புறக் கிடந்தது, அதை நேராக வைத்துவிட்டுத் திரும்பினேன்.

டிசம்பர் 31, புதன்

வினோத் போய் இங்கிலீஷ் தேதிப்படி இன்றோடு ஒரு வருஷம்.

லீவு போடாமல் திருமழிசைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். கம்பெனியில் பாட்டில் மூடிகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் போடுகிற வேலை எனக்கு. மத்தியானம் சூப்பர்வைசர் பிரசன்னா கேன்டீன் சுவரில் பெரிய சார்ட் ஒட்டினான். "நன்றி 2025" என்று தலைப்பு. ஆளுக்கு ஒரு கட்டம், இந்த வருஷத்தில் நடந்த நல்லது ஒன்றை எழுத வேண்டுமாம். ஒருத்தி மகளுக்கு வேலை கிடைத்ததை எழுதினாள், ஒருத்தி ஆபரேஷன் நல்லபடி முடிந்ததை எழுதினாள். என் கையில் ஸ்கெட்ச் பேனாவைத் திணித்துவிட்டு, "எழுதுக்கா, ஒண்ணுகூடவா இல்ல?" என்றான். சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும்? வள்ளென்று விழுந்தேன். பிறகு பாவமாக இருந்தது. "நியூ இயர் முடிஞ்சி வந்து எழுதறேன், கட்டத்த வுட்டு வை" என்றேன்.

நல்லதே இல்லையா என்று பஸ்ஸில் யோசித்தேன். ஸ்வாதி ஒரு வருஷம் என் கூட இருந்தாள். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதை எந்த முகத்தோடு நன்றி என்று எழுதுவது?

டைரி தீர்ந்துவிட்டது. இதுதான் கடைசித் தேதி.

ஜனவரி 1, வியாழன்

பின்னால் 'குறிப்புகள்' என்று நாலு பக்கம் விட்டிருக்கிறார்கள். அதில் எழுதுகிறேன்.

விடியற்காலையில் வீட்டுக்காரர் தாமாகவே வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, கோலப்பொடி டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். "போடு" என்றார். "எதுக்கு? யாரு பாக்கப் போறா?" என்றேன். "நான் பாக்கறேன். போடு."

மயில்தான் போட்டேன். வெள்ளையில் கோடு இழுத்தேன். டப்பாவில் பழைய நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் இருந்தது, நிரப்பினேன். பச்சை மட்டும் இல்லை. கழுத்தும் தோகையும் வெறுமனே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இடுப்பில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் 'வினோத்'.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டாவது ரிங், மூணாவது ரிங். எடுத்தேன்.

"அத்தே, நாந்தான். பயந்துடாத. என் போன்ல சார்ஜ் இல்ல, அதான் இதுலேர்ந்து பண்றேன். லாக்கு கவிதான் எடுத்துக் குடுத்தா, அப்பா அவளுக்குச் சொல்லிக் குடுத்துருக்காரு." பஸ் ஹாரன் கேட்டது. "பூந்தமல்லி மார்க்கெட்டாண்ட கீறேன். வண்டியில இல்ல, கடைல நின்னுகினுதான் பேசறேன்." பிறகு கேட்டாள்.

"எந்தப் பச்ச அத்தே? கிளிப்பச்சையா, மயில்பச்சையா?"

"மயில்பச்ச" என்றேன். "மயில்பச்சதான்மா."

"சரி. நான் வர்றதால எல்லாம் சரியாப் பூட்ச்சின்னு நெனச்சிக்காத. என்னால இன்னும் முடியல."

"தெரியும்மா" என்றேன்.

எட்டு மணிக்கு வந்தார்கள். ஸ்வாதி என் முகத்தைப் பார்க்கவில்லை. பொடியை என் கையில் கொடுக்காமல் படியில் வைத்தாள். பாப்பாதான் பிரித்தாள், கோட்டுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி என்று அள்ளிப் போட்டாள். மயிலுக்குத் தொண்டை வீங்கினது மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரர் சிரித்தார். ஒரு வருஷமாகக் கேட்காத சத்தம் அது.

ஸ்வாதியின் இன்னொரு கையில் சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் போனாள். ஒரு தட்டு எடுத்தாள், கத்தி எடுத்தாள். ரெண்டு துண்டு வெட்டி, ஒன்றை வினோத் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டு, இன்னொன்றைப் பாப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. தட்டை மூடாமல் அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். நானே ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். அவள் திரும்பி வந்து பார்த்தாள், தட்டை அங்கேயே விட்டுவைத்தாள்.

நாளைக்குக் கம்பெனியில் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். 'என் மருமகள் போன் பண்ணினாள்', அவ்வளவுதான். அது 2026 ஆச்சேக்கா, இந்தச் சார்ட்டில் வராதே என்பான் பிரசன்னா. சொல்லிவிட்டுப் போகட்டும்.