பால்மா டப்பாவில் சேர்ந்த சீனி

ஹோல்ம்வுட் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
4 அக்டோபர் 1953

அன்பு மகள் டொரீனுக்கு,

அப்பா பெர்னாட் எழுதுவது. பினாங்கில் பல் நர்ஸ் படிக்கிற உன்னை மாதா பார்த்துக்கொள்வாள் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் சுகம், என் பற்கள் நீங்கலாக. அவை ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லிக்கொண்டு புறப்படுகின்றன. மேல்வரிசையில் முன்பக்கம் இப்போது வெறும் வாசல்தான்.

நீ அனுப்பிய பிரஷ் வந்து சேர்ந்தது. தோட்டத்துக் கேட்டில் பார்சலைப் பிரித்துப் பார்த்தது காளியண்ணன். நம் லயத்தில் இருந்து ரப்பர் பால் வெட்டிய அதே காளியண்ணன்தான், இப்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள், தோளில் துப்பாக்கி. "என்னண்ணே, பல்லே இல்லாத ஆளுக்குப் பினாங்கிலருந்து பிரஷ்ஷா?" என்று கேட்டான். மிச்சம் இருக்கிறவற்றுக்காவது மரியாதை செய்ய வேண்டாமா என்றேன். நீ எழுதியபடியே மேலும் கீழுமாகத் தேய்க்கிறேன். கரித்தூளும் ஆள்காட்டி விரலும் போதும் என்று இத்தனை வருஷம் இருந்தவனுக்கு, வாய்க்குள் விளக்குமாறு விட்டதுபோல் இருக்கிறது. தேய்த்தால் ரத்தம் வருகிறது. புதுசு என்பதால் இருக்கும்.

கேட்டில் கெடுபிடி கூடிவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகக் கூடாது. தேத்தண்ணி கொண்டுபோகலாம், ஆனால் அதில் சீனி இருக்கக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு கரண்டி சீனிகூடப் போய்விடக் கூடாதாம். காளியண்ணன் ஒவ்வொருவர் போத்தலிலிருந்தும் மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் விட்டுப் பார்க்கிறான். லயத்துத் தேத்தண்ணி அத்தனையையும் குடித்துவிட்டு, பாவம், காலை முழுக்க ஒதுங்க இடம் தேடி ஓடுகிறான்.

இனி என் கண்டுபிடிப்பைச் சொல்கிறேன், உன் தோழிகளுக்குப் படித்துக் காட்டாதே. அந்தக் காலத்தில் பொய்ப்பல் தட்டை ரப்பரும் கந்தகமும் சேர்த்து வேகவைத்துச் செய்தார்கள் என்றும், இப்போது ஏதோ ரோஸ் நிறச் சாமான் வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய் அல்லவா. படித்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பால் ஸ்டோரில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பாலின் கெட்டி பார்த்தே முடி நரைத்தவன் நான். ஊருக்கெல்லாம் ரப்பர் அனுப்புகிறவன் வாயில் ஒரு துண்டு ரப்பர் இல்லையே என்று தோன்றியது.

கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தியை உருக்கி வாயில் அச்சு எடுத்தேன். கொஞ்சம் சூட்டோடு வைத்துவிட்டேன், அதை விடு. கை ஒடிந்தவர்களுக்குப் போடும் மாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் கேட்டு வாங்கினேன். மர நோய்க்கு அடிக்கும் கந்தகத்தில் ஒரு பிடி, ஸ்டோர் ரப்பரில் ஒரு துண்டு. எல்லாவற்றையும் டின்னில் அடைத்து, கல்லை ஏற்றி, அடுப்பில் வேகவைத்தேன். நாற்றத்தில் அடுத்த வீட்டு ரோசரி அக்காள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். செருப்பு அடியைப் போல ஒன்று வெளியே வந்தது. பல்லுக்குப் பழைய சட்டைப் பித்தான்களைப் பதித்தேன். கண்ணாடியில் சிரித்துப் பார்த்தால் வாய் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

அதை மாட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன். சாமியார் நற்கருணை கொடுக்க வந்தபோது நாக்கை நீட்டினேன், தட்டும் கூடவே எழுந்து வந்தது. அவர் ஒரு எட்டு பின்னால் போனார். பூசை முடிந்து என்னைப் பார்க்காமல் லோரி ஏறிவிட்டார்.

தட்டு உரசின இடத்தில் ஒரு புண். அது ஆறாமல் கிடக்கிறது என்று டிரசர் நாராயணசாமியிடம் காட்டினேன். அவர் என் வாயைப் பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ஒரு போத்தலைக் கொடுத்து சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது டொரீன். முன்பெல்லாம் நீல மருந்தைக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் அடுப்பில் காய்ச்சுவார். இப்போது நெருப்பே வேண்டாம். சில சொட்டு சிறுநீர், கொஞ்சம் தண்ணீர், ஒரு மாத்திரை. அது தானாகவே கொதிக்கிறது, குழாயைப் பிடித்தால் கை சுடுகிறது. பிறகு நிறம் மாறும் அல்லது மாறாது. சும்மா பார்த்தார். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

அப்பா தனியாக இருக்கிறார், படிப்பில் மனசு நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தப் பேச்சை விடு. சாயங்காலம் கேட் சாத்திவிட்டால் லயத்தில் அவரவர் வீடு அவரவருக்கு. எனக்கென்ன, மெழுகு உருக்கவும் கந்தகம் அளக்கவுமே பொழுது போதவில்லை. இந்தத் தோட்டத்திலிருந்து மருந்து நாற்றம் அடிக்கும் வேலைக்குப் போன முதல் பெண் நீ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பயப்படாமல் வாய் திறக்கிற மாதிரி உன் கை பழக வேண்டும். முடித்துவிட்டு வா.

சொல்ல மறந்தேன். வரவர எனக்கு வெறும் தேத்தண்ணிதான் பிடிக்கிறது, துரைமாதிரி ஆகிவிட்டேன். ஆனால் சீனிப் பங்கை மட்டும் விடாமல் வாங்குகிறேன். ஏன் என்பது கிறிஸ்துமஸுக்கு வந்தால் தெரியும்.

உன் தலைமாட்டில் நல்ல தூக்கமும் உன் கைக்கு நடுக்கமின்மையும் ஆண்டவர் தரட்டும்.

அப்பா,
பெர்னாட்

•

ஹோல்ம்வுட் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
22 நவம்பர் 1953

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. முழுவதும் படிக்கும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். பெட்டியைக் கட்டாதே. மேட்ரனிடம் படிப்பை விடப்போவதாகச் சொல்லியிருந்தால், அப்பாவுக்கு ஒன்றுமில்லையாம் என்று திரும்பப் போய்ச் சொல். நான் வீட்டில்தான் இருக்கிறேன். என் மேசை, என் விளக்கு, என் பல் இல்லாத வாய்.

ரோசரி அக்காளைக் குறை சொல்ல மாட்டேன். "உன் அப்பாவை மாத்தா பிடித்துக்கொண்டு போய்விட்டான்" என்று அவர் உனக்கு எழுதியது உண்மை, போலீஸ் வந்தது. விட்டுவிட்டார்கள் என்று அவர் எழுதுவதற்குள் தபால்காரன் போய்விட்டான். நடந்ததை நானே சொல்கிறேன், ஒளிக்காமல். ஒளித்ததால் வந்த வினைதான் இது.

டிரசரின் குழாய் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சில் போய் நின்றது. எனக்குச் சீனி வியாதி. பல் ஆடியதும் அதனால்தானாம், புண் ஆறாததும் அதனால்தானாம். நான் கரித்தூளையும் விரலையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். "சீனிய நாக்குல வைக்காதீங்க, சோத்தக் கொறைங்க, காலப் பாத்து நடங்க" என்றார் டிரசர். உனக்கு எழுதினால் அடுத்த ரயிலில் வந்து நிற்பாய் என்று எழுதவில்லை.

சீனி வேண்டாம் என்று ஆன பிறகும் கடையில் என் பங்கை வாங்கினேன். வாரா வாரம் அதைப் பால்மா டப்பாவில் கொட்டி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்து, இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே துணி போட்டு மூடினேன். பங்கீட்டுச் சீனியில் கிறிஸ்துமஸுக்குக் கலகலா பலகாரம் செய்ய முடியாது என்று போன வருஷம் நீ முகத்தைத் தொங்கப்போட்டாய். இந்த வருஷம் நீ உள்ளே நுழையும்போது அண்டா நிறைய இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உன் அம்மா செய்த மாதிரி வராது, அது வேறு விஷயம்.

போன வாரம் எல்லாரும் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கும்போது வீடு வீடாகச் சோதனை. டப்பா நிறையச் சீனி. இந்த நாளில் ஒரு கிழவன் வீட்டில் அவ்வளவு சீனி இருந்தால் அது எங்கே போகும் என்று கைக்குழந்தைகூடச் சொல்லும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் காளியண்ணன். அவனுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னான்.

லோரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், வயசு கம்மி. அவர் கேட்பதை ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருவர் தமிழில் சொன்னார். சீனி யாருக்கு? மகளுக்கு. மகள் எங்கே? பினாங்கில். பினாங்கில் இருக்கும் மகளுக்கு இங்கே எதற்குச் சீனி? எனக்குச் சீனி வியாதி ஐயா, நான் சாப்பிடுவதில்லை என்றேன். கிராணி அதைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பிடிபட்டவர்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வியாதி வந்துவிடுகிறதாம். நிரூபிக்க முடியாவிட்டால் தடுப்பு முகாம், இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கிராணி தன் கணக்கில் சேர்த்துச் சொன்னார். இந்தியாவில் எனக்கு யார் இருக்கிறார்கள் டொரீன்? உன் அம்மாவின் கல்லறை இங்கே. நீ அங்கே. கப்பலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

டிரசரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். மறுநாள் அவர் மாத்திரையோடு வந்து தன் கண் முன்னால் செய்து காட்டட்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அன்று லாக்கப்பில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான்தான் டிரசர் சொன்னபடி இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தேனே. உடம்பு தேறியிருந்தால்? குழாய் நீலமாகவே நின்றுவிட்டால்? ஆரோக்கியமாக இருந்தால் நான் பொய்யன், வியாதிக்காரனாக இருந்தால் யோக்கியன். வியாதி போகக் கூடாது என்று மாதாவிடம் மன்றாடியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காலையில் ஒரு மலாய்க்கார மாத்தா பரிதாபப்பட்டுக் கோப்பி கொடுத்தார். வாயில் வைத்தால் நல்ல சீனி. கீழே வைத்திருக்க வேண்டும். அடிவரை குடித்தேன், குவளையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தும் தின்றேன். எத்தனை வாரம் கழித்து இனிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து அந்த மனிதர் இன்னொரு குவளை கொண்டுவந்தார். அதையும் குடித்தேன். இதை டிரசரிடம் நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்லிவிட்டேன், நீயும் சொல்லாதே.

டிரசர் வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு. கூடவே காளியண்ணன், கேட்டில் ஆளை மாற்றிவிட்டு வந்திருந்தான். மாத்திரை எல்லாருக்குமே நிறம் மாறுகிற மாத்திரையாக இருந்தால் என்ன செய்வது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. "எம்மூத்திரத்தப் போடுங்க சார், ஊர்த் தேத்தண்ணியெல்லாம் அதுலதான் இருக்கு" என்று காளியண்ணன் முன்னால் வந்தான். கிராணி இதை எப்படி இங்கிலீஷில் சொன்னார் என்று தெரியவில்லை, இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது.

முதலில் அவனுடையது. கொதித்தது, அடங்கியது, நீலம். அடுத்தது என்னுடையது. நுரை பொங்கி மேலே வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் குழாயில் ஆரஞ்சு, சந்தேகம் சொல்ல இடமில்லாத ஆரஞ்சு. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் தேறிய ஒரே பரீட்சை அதுதான், முதல் மார்க்கில்.

விட்டுவிட்டார்கள். டப்பாவைத் தரவில்லை. என் பங்கீட்டுக் கார்டில் சீனி என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். வியாதிக்காரனுக்கு எதற்கு என்று. அதுவும் நியாயம்தான். லோரியில் வரும்போது டிரசர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டேன், அவர் குழாயில் பார்த்த நிறத்துக்காகக் கவலைப்பட்டார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. அங்கேயே இரு. நீ வந்து என் சோற்றை அளந்து போடுவதால் பல் முளைக்கப் போவதில்லை. ஞாயிறுதோறும் டிரசர் சோதிப்பார். என்ன நிறமோ அதைக் கடிதத்தின் தலைப்பில் முதல் வார்த்தையாக எழுதுகிறேன், நீலமாக இருந்தாலும் செங்கல்லாக இருந்தாலும். இனி ஒளிக்க மாட்டேன், அப்பாவுக்கு அகப்பட்டுக்கொள்ளாமல் ஒளிக்கத் தெரியாது என்று உனக்கே தெரிந்துவிட்டது. இன்றைக்குப் பச்சை. பச்சை பரவாயில்லை என்கிறார்.

ரப்பர் தட்டைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டேன். சாயங்காலங்களில் இப்போது கொஞ்சம் சும்மா இருக்கிறேன். ரோசரி அக்காள் வீட்டுப் பேச்சுச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும், அது போதும்.

படிப்பை விட்டுவிட்டு வராதே. கிறிஸ்துமஸ் லீவு கிடைத்தால் மட்டும் வா. கலகலா இருக்காது. நீயும் சீனி வாங்கி வராதே, கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். வெறுங்கையோடு வா. அந்தச் சின்னக் கண்ணாடி வைத்து வாய்க்குள் பார்ப்பீர்களாமே, அது ஒன்று போதும். உன் அம்மா போன பிறகு என் முகத்துக்குக் கிட்டே வந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியை வெளிச்சம் படும்படி வாசல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். நீ வரும்போது வாயைத் திறந்துகொண்டு அதில் உட்கார்ந்திருப்பேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டேன் என்று வைத்துக்கொள்.

அப்பா,
பெர்னாட்