நகப்பூச்சு வாசம்

திங்கள் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

சோலேன் எழுதுகிறேன். நலம்தான். தொலைபேசி அப்பாவின் கட்டிலருகே இருப்பதால் இந்தக் கடிதம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், வரி கோணினால் கோபிக்காதே.

புதன் நள்ளிரவு ஊர்ச் சதுக்கத்தில் புது வைனைத் திறக்கிறார்கள். இந்த வருடம் முதல் பீப்பாய் நம்முடையது. அப்பா இதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்தார்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ லியோனுக்குப் போன பிறகு, மார்ச்சில் வந்த காய்ச்சலோடு அப்பாவின் மூக்கு போய்விட்டது. காப்பி கருகினால்கூடத் தெரிவதில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். வைன் தொட்டிகளை முகர்ந்து சொல்வது நான்தான். "என்னடா, இந்த வருஷம் வைன்ல வாழைப்பழ வாசமா, ஸ்ட்ராபெரி வாசமா?" என்று பக்கத்துத் தோட்டத்துக் கோந்தியே மாமா கேட்டால், "மூக்கைப் பொண்ணுக்குக் குத்தகை விட்டுட்டேன்டா, அவளைக் கேளு" என்கிறார். மாமா அதை வேடிக்கை என்று நினைக்கிறார்.

மூன்றாம் தொட்டியை முகர்ந்த அன்று, நீ இழுப்பறையில் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சைப் போட்டிருந்தேன். பழ வாசத்தோடு அந்த வாசமும் வந்தது. என் விரல்தான் என்று நினைத்தேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, நன்றாயிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இன்று மாலை பீப்பாயை வண்டியில் ஏற்ற வந்த மாமா, அடுத்த ஊர்க்காரர் ஒருவரைக் கிண்டல் செய்தார். "அவன் வைன்ல நகப்பூச்சு வாசம் வருதாம். இன்னும் ஒரு மாசம் விட்டா காடிதான், சாலட்ல ஊத்திக்கலாம்." அப்பாவும் சிரித்தார். வண்டியில் ஏறியது மூன்றாம் தொட்டி வைன்.

அதே வைன் நிலவறையில் ஒரு குடுவை மிச்சம் இருந்தது. சற்றுமுன் இறங்கிப் போய் முகர்ந்தேன். ஒருமுறை அந்த வாசம் வருகிறது, மறுமுறை இல்லை. இப்போது தலையணையிலும் வருகிறது, இந்தத் தாளிலும் வருகிறது. கெட்டது வைனா, என் மூக்கா? சொன்னால், ஒன்றுமில்லாததற்கு அப்பா பீப்பாயைத் திருப்பி எடுத்து வந்துவிடுவார். சொல்லாவிட்டால், ஊரே முகம் சுளிக்கும்போது அவர் மட்டும் சிரித்துக்கொண்டே குடிப்பார்.

புதன் மாலைப் பேருந்தில் வா அம்மா. திருவிழா பார்க்க வந்ததாகச் சொல். ஒரே ஒரு முறை முகர்ந்து பார், போதும். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். உன் மழைக்கோட்டை அவர் இன்னும் கொக்கியிலிருந்து எடுக்கவில்லை. நகப்பூச்சையும் அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மகள்,
சோலேன்