லுங்கியில் சுற்றிய கடற்பஞ்சு

அடிப் பாவி,

இன்று காலை உங்கள் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கஞ்சி வாடை அடித்தது. பொதட்டூர்பேட்டையில் அது புதிதா என்ன! லுங்கிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் நைனாவிடம் நான் சொல்ல வந்த விஷயமே அந்தக் கஞ்சிதான்.

நீ போனதையே நான் இன்னும் நம்பவில்லை. இதே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திருத்தணியில் இறங்கவில்லை. தூங்குகிறாய் என்று நினைத்துக் கண்டக்டர் எழுப்பியிருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முதல் நாள் சாயங்காலம் என் டப்பாவிலிருந்து முறுக்கைத் திருடித் தின்றவளுக்கா? யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நம்மை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கடலே எட்டாத திருத்தணி மலையடிவாரத்துக் கல்லூரியில் உட்கார்ந்து கடற்பஞ்சை ஆராய்ந்த இரண்டு பைத்தியங்கள். பஞ்சு என்று பெயரே தவிர அது உயிருள்ள பிராணி என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்போம்! அதற்குள் பூஞ்சைகள் குடியிருக்கின்றன, அவை சுரக்கும் பொருளில் கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்கலாம் என்பதுதான் நம் பிழைப்பு. அனுமதி வாங்கி, ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் கடற்கரைக்குப் போய், வலையில் அறுந்து வந்த பஞ்சுகளைப் பொறுக்கி வருவோம். ஒருமுறை திரும்பி வரும் பஸ்ஸில் கிருத்திகைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். காவடிகளுக்கு நடுவே நம் தெர்மகோல் பெட்டி நாறியதும், "இன்னாமா, சாமிக்குப் போற வண்டியில கருவாடு தூக்கினு வர்றீங்க?" என்று ஓர் அம்மா எகிறினார். நீ அசரவேயில்லை. "கருவாடு இல்லீங்க, மருந்துங்க" என்றாய்.

வழியில் பஞ்சு காயாமலிருக்க நீ வீட்டிலிருந்து புது லுங்கி கொண்டுவருவாய். தறியிலிருந்து அப்போதுதான் அறுத்தது. அதைக் கடல் தண்ணீரில் நனைத்துச் சுற்றிவிடுவாய். "எங்க நைனா நெஞ்சதுடி, எம்மாந்தூரம் போனாலும் ஈரம் நிக்கும்" என்று பெருமை வேறு. நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் அப்படித் தோன்றும். புதுத் துணி, சுத்தமானது என்று நானும் நம்பினேன்.

அந்தப் பஞ்சை வெட்டி வைத்ததில் மஞ்சள் விளிம்போடு ஒரு பூஞ்சை வளர்ந்தது. சீழ் பிடிக்கவைக்கும் கிருமியைப் பரப்பிய தட்டில் அதன் சாற்றை வைத்தோம். மறுநாள் சாற்றைச் சுற்றி ஒரு கிருமிகூட இல்லை, வட்டமாகத் தெளிந்திருந்தது. நீ என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். மகள் கடலில் மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று உன் நைனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நாமும் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டோம்.

நீ போன பிறகு பல நாள் கழித்து ஆய்வகத்தைத் திறந்தேன். அலமாரியில் நான் வைக்காத ஒரு தட்டு. நடுவில் ஒரு சின்ன லுங்கித் துண்டு. அதன்மேல் அதே மஞ்சள் விளிம்புப் பூஞ்சை. கடைசி நாள் நீ வைத்துவிட்டுப் போன தட்டு அது. மேலே உன் கையெழுத்தில் அன்றைய தேதி. அது வளர்ந்து தெரிவதற்குள் நீ இல்லை.

ஆய்வகத்தில் பறந்த நம் பூஞ்சைதான் துணியில் ஒட்டியிருக்கும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டேன். உன் நைனாவிடம் புதுத் துணி கேட்டேன். இன்னும் மருந்து எடுக்கத்தான் என்று நினைத்து ஒரு முழு லுங்கியே கொடுத்தார். அதை வேறு கல்லூரியில் சோதிக்கச் சொன்னேன். அதே பூஞ்சை, மரபணுவும் அதே. பாவுக்குப் போட்ட கஞ்சியில் வளர்கிற சாதாரண நிலத்துப் பூஞ்சை, அதுவும் அதன் சாறும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்தவை. உயிரோடிருக்கும் பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டேயிருக்குமே, கஞ்சித் தண்ணீரையும் இழுத்திருக்கிறது. மேலே நாம் எவ்வளவு கழுவி என்ன பயன்?

இன்று நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறனேமா. எம்பொண்ணு கண்டுபுடிச்சது பொய்யா?"

"தப்புங்க நைனா. ஆனா தப்புன்னு கண்டுபுடிச்சதும் அவதாங்க. எனக்குத் தோணவே இல்லீங்க."

தறியில் அறுந்திருந்த ஓர் இழையை எடுத்து முடிச்சுப் போட்டார். பிறகு "ஆங்" என்றார். "அப்போ அத்த எழுது. அவ பேரு போட்டு எழுது."

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். நீ கண்ட தப்பைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், உன் பெயரை முதலில் போட்டு. எதைக் கண்டு துள்ளினாலும் உடனே எங்கே தப்பு என்று தேடுகிற உன் புத்தி என்னிடம் தங்கிவிட்டது. அதோடு ஒரு கேள்வியும். அந்தச் சந்தேகம் உனக்கு எப்போது வந்தது? என்னிடம் ஏனடி சொல்லவில்லை? காலையில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றுதானே அந்த பஸ்ஸில் ஏறினாய்?