பின்பலகையின் அகலம்

லாங் ஏரி, மினசோட்டா
25 ஏப்ரல் 1976

அன்புள்ள டெலோரிஸ்,

நீயும் கேரினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே போன வாரம் ஏரியில் பனி முழுக்க உடைந்து கரைந்துவிட்டது. இந்த வருஷம் சீக்கிரம்தான்.

படகு முடிந்துவிட்டது. சிரிக்காதே, நிஜமாகவே முடிந்துவிட்டது. நீ இங்கே இருந்தபோது சமையலறைச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தேனே, அதே பதினாலு அடிப் படகுதான். மூன்று குளிர்காலம் நிலவறையில் உட்கார்ந்து கட்டினேன்.

ஓரின் ஃபோசியை ஞாபகம் இருக்கிறதா? நிலவறையில் படகு கட்டி, வெளியே எடுக்க வழியில்லாமல் வீட்டுச் சுவரை இடித்தானே, அவன்தான். பதினைந்து வருஷமாகிறது, இன்னமும் காபிக் கடையில் அவன் தலை தெரிந்தால், "வாப்பா ஓரின், கதவு வழியா வர்றியா, சுவர் வழியா வர்றியா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கதி எனக்கு வரக்கூடாது என்று, முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே நான் கதவை அளந்துவிட்டேன். போன சனிக்கிழமை ஆறு பேர் பிடித்துத் தள்ள, இரண்டு பக்கமும் அரை விரல் இடைவெளியில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சிரிக்கலாம் என்று வந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

மோட்டாரும் வாங்கிவிட்டேன். வரைபடத்தில் முப்பது எச்.பி. வரை மாட்டலாம் என்று போட்டிருக்கிறது. முப்பதே வாங்கினேன். ஜூலையில் நம் மகள் இரண்டு வாரம் இங்கே இருக்கும்போது தினமும் அக்கரைக்குக் கூட்டிப் போவேன். அவளுக்கென்று முன்னிருக்கையை இழைத்து மெருகேற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்.

உன் லோவெல்

*

மினியாபொலிஸ்
1 மே 1976

அன்புள்ள லோவெல்,

உன் கடிதத்தைக் கேரின் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மூன்று தடவை படித்தாள். "அம்மா, அப்பா நெஜமாவே முடிச்சுட்டாரும்மா" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை நாள்காட்டியில் ஜூலை வரைக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறது. எனக்கும் சந்தோஷம்தான். நீ தொடங்கி, நீயே முடித்த பொருள் இந்த ஒன்றுதானே.

ஆனால் கடையில் துணி தைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கணக்கு மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவே மாட்டேன் என்கிறது. அந்த நிலவறைக் கதவு எனக்குத் தெரியும். அம்மா கொடுத்த வட்ட மேஜையைக் கீழே இறக்கப் பார்த்து, முடியாமல், நீயும் நானும் சண்டை போட்ட கதவு. அகலம் ஐம்பது அங்குலம், உயரமும் அவ்வளவுதான். அந்த வரைபடமும் எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் என் மூக்குக்கு எதிரேதானே இருந்தது. படகின் நடு அகலம் அறுபத்து நாலு, மோட்டார் மாட்டும் பின்பலகை ஐம்பத்தெட்டு.

அறுபத்து நாலு எப்படி ஐம்பதுக்குள் நுழைந்து வந்தது? நீ படகையே குறுக்கியிருக்கிறாய். குறுக்கின படகுக்கு வரைபடத்தில் சொன்ன மோட்டாரா? ஒருத்தி பாவாடையை இடுப்பில் பிடித்துத் தைக்கச் சொன்னால், தைத்த பிறகு பழைய அளவுச் சீட்டை நான் அதில் விட்டுவைப்பதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பின்பலகை இப்போது எத்தனை அங்குலம்? அளந்து எழுது.

டெலோரிஸ்

*

லாங் ஏரி
9 மே 1976

அன்புள்ள டெலோரிஸ்,

நீ கொஞ்சமும் மாறவில்லை. ஊரே பாராட்டிய படகில் ஓட்டை தேட உன்னால்தான் முடியும்.

கொஞ்சம் ஒல்லியாக்கினேன், அவ்வளவுதான். ஒல்லியான படகு இன்னும் நன்றாகத்தான் ஓடும். வரைபடம் போட்டவன் படித்தவன், அவன் முப்பது என்றால் முப்பது. இனி நான் போய் பத்து எச்.பி. மாட்டிக்கொண்டு துறையில் நின்றால், ஓரினை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றும் ஆகாது. இத்தனை வருஷம் இந்த ஏரியில்தானே இருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மீன்பிடிக் காலம் தொடங்குகிறது. கராஜுக்குப் பின்னால் நீ வைத்த ருபார்ப் செடி இப்போதே முழங்கால் உயரம் வந்துவிட்டது. அதன் தண்டைப் போட்டு 'பை' பலகாரம் சுடத்தான் ஆளில்லை. நானே ஒரு தடவை முயன்று பார்த்தேன், நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

கேரினுக்கு முத்தங்கள்.

லோவெல்

*

மினியாபொலிஸ்
16 மே 1976

லோவெல்,

இரண்டு பக்கம் எழுதினாய். நான் கேட்ட எண் அதில் இல்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில், எங்கள் தெருக்கோடியில் இருக்கிற படகுக் கடைக்குப் போனேன். அங்கே வயதான ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். "நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடிக்கணக்குல பெருக்குங்கம்மா. வர்ற நம்பருக்கு நேரா எவ்வளவு எச்.பி. போட்டிருக்கோ, அதுக்கு மேல மாட்டக் கூடாது" என்றார். வரைபடத்தில் இருக்கிற படகுக்கு அறுபத்தெட்டு வந்தது. அதற்கு முப்பது எச்.பி. சரிதான். பிறகு என் கணக்கைப் போட்டேன். ஐம்பது அங்குலக் கதவில் வர, நடுவில் பதினைந்து அங்குலமாவது பிடித்திருப்பாய். அதே வீதத்தில் பின்னால் பதினாலு போனால் பாக்கி நாற்பத்து நாலு. பெருக்கினால் ஐம்பத்தொன்று. அதற்கு நேரே பதினைந்து எச்.பி. என்று போட்டிருக்கிறது. நீ வாங்கியதில் சரிபாதி.

கூடுதலாக மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பின்பக்கம் ஒடுங்கினா அந்த பாரத்தத் தாங்காதும்மா. வேகமா போயி சட்டுனு நிறுத்துனாங்கன்னா, படகு கெளப்பின அலையே பின்னாலேருந்து ஏறி உள்ள கொட்டும். பத்து எண்ணுறதுக்குள்ள ரொம்பிடும். யாரு போறாங்க அதுல?" என்றார். என் மகள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஏன் நச்சரிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் மார்ச் மாதம், உறைந்த ஏரியின் மேல் லாரியை ஓட்டிப் போனாய், பக்கத்தில் கேரின். முன்சக்கரம் இரண்டும் உள்ளே போய், ஜன்னல் வழியாகப் பிள்ளையை இழுத்தார்கள். "பதினாறு இன்ச் பனி, வண்டியத் தாங்கும், நானே தொளை போட்டு அளந்தேன்" என்று ஷெரீஃபிடம் சொன்னாய். நிஜமாக அளந்தாயா என்று அன்றைக்கும் கேட்டேன், பிறகும் எத்தனையோ தடவை கேட்டேன். "அதான் சொன்னேனே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. அதனால்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

எண்ணை எழுது. இல்லையென்றால் கேரின் வரமாட்டாள்.

டெலோரிஸ்

*

லாங் ஏரி
20 மே 1976

டெலோரிஸ்,

உன் திருப்திக்காக டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நடுவில்தான் குறைத்திருக்கிறேன். பின்பலகை 58 அங்குலம். போதுமா?

கேரினின் பஸ் எந்தக் கிழமை என்று எழுது.

லோவெல்

*

மினியாபொலிஸ்
25 மே 1976

லோவெல்,

ஐம்பத்தெட்டு அங்குலப் பலகை ஐம்பது அங்குலக் கதவில் வராது. சுவரையும் நீ இடிக்கவில்லை, அதை நீயே பெருமையாக எழுதியிருந்தாய்.

நாற்பத்து நாலு என்று எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். மோட்டாரை மாற்று என்று கத்தியிருப்பேன். இப்போது அதற்கும் தெம்பில்லை. உன்னை நம்பி என்ன கேட்பது? லைஃப் ஜாக்கெட் போட்டாளா என்று கேட்டால் போட்டாள் என்பாய். காற்று அடித்ததா என்றால் அடிக்கவில்லை என்பாய்.

கேரின் வரவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. உன்னைப் பற்றி அவள் மனதில் கெட்ட எண்ணத்தை விதைக்க எனக்கு மனமில்லை. அதனால் என்னிடம்தான் பேசாமல் இருக்கிறாள். மூன்று நாளாயிற்று. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டு போகட்டும், உயிரோடு இருந்தால் போதும் எனக்கு.

இதற்குப் பதில் வேண்டாம்.

டெலோரிஸ்

*

லாங் ஏரி
7 ஜூன் 1976

அன்புள்ள டெலோரிஸ்,

பதில் வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

நாற்பத்து நாலுதான். உன் கணக்கு அங்குலம் பிசகவில்லை. டேப்பை நான் கையில் எடுக்கவே இல்லை. வரைபடத்தில் இருந்ததைப் பார்த்து எழுதினேன். எழுதும்போது கதவைப் பற்றி நினைத்தேனா என்று கேட்காதே. பிள்ளை வரவேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

உன் கடிதம் வந்ததும் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ சொன்னது தப்பு என்று காட்டிவிட வேண்டும் என்ற வீம்பில், சனிக்கிழமை காலை படகை இறக்கினேன். கேரினின் எடை என்ன, தொண்ணூறு பவுண்ட் இருக்குமா? ஒரு கோணிப்பையில் தொண்ணூறு பவுண்ட் மணல் நிரப்பி அவளுடைய முன்னிருக்கையில் வைத்தேன். வெறும் படகை ஓட்டிக் காட்டினால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்றுதான்.

மோட்டாரை முழு வேகத்தில் விட்டேன். முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது, எதிரே ஏரியே தெரியவில்லை. ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்தால் தண்ணீரில் ஒரு மரக்கட்டை. சட்டென்று வேகத்தைக் குறைத்தேன். பின்னால் திரும்பக்கூட நேரமில்லை, என் அலையே என் முதுகில் விழுந்தது. உன் கடைக்காரர் பத்து எண்ணச் சொன்னார், நான் நாலு எண்ணியிருப்பேனா தெரியாது. பின்பக்கம் கீழே போய், படகு ஒருக்களித்தது. மூட்டை இருக்கையிலிருந்து சரிந்து, என் கண் முன்னாலேயே தண்ணீருக்குள் போயிற்று. லைஃப் ஜாக்கெட் போட்ட பிள்ளை மிதக்கும், மணல் மூட்டைதான் முழுகும் என்று எனக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றப் பார்க்கிறேன். தேறவில்லை.

ஓரின் ஃபோசிதான் தன் படகில் வந்து என்னை இழுத்துப் போட்டான். "ஆபத்துக்குப் பாவமில்ல, கைய குடு" என்றான். பிறகு, "உள்ள போச்சே, அது என்ன மூட்ட?" என்று கேட்டான். "அது கேரின்" என்றேன். குளிரில் வாய் குழறிவிட்டது என்று நினைத்திருப்பான். சிரிக்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி தைரியம் வராது. அந்த மார்ச்சில் நான் பனியில் துளை போடவில்லை. முந்தின நாள் யாரோ ஓட்டிப் போன தடம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு போனேன். பதினாறு என்பது வாயில் வந்த எண்.

படகை ஓரினும் நானும் கரைக்கு இழுத்துவந்தோம். மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பத்து எச்.பி. ஒன்று ஆகஸ்டில் வருமாம். அதுவரை துடுப்புதான். இருந்தாலும் இந்த வருஷம் கேரினை அனுப்பாதே. நீ செய்தது சரி. கொஞ்ச நாளைக்கு என்னை நானே நம்புவதாக இல்லை. அவளிடம் காரணத்தையும் சொல்லிவிடு, உன்னோடு பேசாமல் இருக்க வேண்டாம்.

என்றாவது மனம் மாறினால் அவளோடு நீயும் வா. வீடு அப்படியேதான் இருக்கிறது.

லோவெல்

*

மினியாபொலிஸ்
12 ஜூன் 1976

அன்புள்ள லோவெல்,

கடிதம் நேற்று வந்தது. உனக்குச் சளி பிடிக்கவில்லையே? ஜூன் தண்ணீர் இன்னும் குளிருமே.

அந்தப் பதினாறு அங்குலம் பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. கேட்டதும் அழுதேன். பிறகு கேரினைக் கூப்பிட்டு முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். நீதானே சொல்லச் சொன்னாய்.

மூட்டை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "என் எடத்துலயாம்மா வெச்சாரு?" என்றாள். ஆமாம் என்றேன். "இத அவரு சொல்லாமலே இருந்திருக்கலாமே, உனக்கு எப்படித் தெரியப்போவுது?" என்று கேட்டாள். அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நாலு மணி பஸ்ஸில் கேரின் வருகிறாள். அனுப்பாதே என்று நீ எழுதியதால்தான் அனுப்புகிறேன். துடுப்புப் போட்டே எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போ. அவள் எடை எண்பத்தாறு பவுண்ட், தொண்ணூறு இல்லை. வந்ததும் வயிறு நிறையப் போடு.

நீயும் வா என்று எழுதியிருந்தாய். நான் வரவில்லை, லோவெல். இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் கடிதம் வந்திருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். இப்போது எனக்கு இங்கே ஒரு வேலையும் ஒரு வீடும் ஆகிவிட்டன. ஆனால் பிள்ளையை உன்னிடம் விட எனக்கு இனிப் பயமில்லை.

டெலோரிஸ்