ரொட்டிக்குக் காவல் இருந்தவன்

மார்ச் 3

உலகம் உருண்டையான நாள் முதல் இன்றுவரை யாரும் நம்பாத ஒரு கதையை இந்த நோட்டில் எழுதப்போவதாகச் சத்தியம் செய்கிறேன். சாட்சி: ஆறிப்போன டீ.

அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துப் பிழை திருத்துபவன் நான். எங்கள் தினசரிக் காலண்டரில் தாளுக்கு ஒரு பழைய ஆங்கிலச் சொல், அதன் பொருள், அது பிறந்த கதை. ஒன்பது வருடமாக அதை எழுதும் மாமேதையும் நானே. இன்று அக்கா மகள் வந்தாள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் பன்னிரண்டு வருடமாகப் படிவம் சரிபார்க்கிறவள். அகராதி அலுவலகத்தில் உதவி ஆசிரியர் வேலைக்குப் பத்தொன்பதாம் தேதி நேர்முகத் தேர்வாம். ஜூனில் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இதை விட்டால் வேறில்லை.

"பயமே இல்ல மாமா. பழைய வார்த்தைதான் கேப்பாங்களாம். உங்க காலண்டர் ஒன்பது வருஷத்துதும் எனக்கு மனப்பாடம்."

டீயை அப்படியே கீழே வைத்தேன்.

மார்ச் 4

வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து சொல். அத்தனைக்கும் உண்மையான கதைக்கு எங்கே போவது? ஃபோர்ட்நைட் என்றால் பதினான்கு இரவு. ஸ்பின்ஸ்டர் முதலில் நூல் நூற்றவள், கல்யாணமாகாதவள் ஆனது பிறகு. இதெல்லாம் சத்தியம். ஆனால் பாப்பிகாக்? வெறும் பிதற்றல் என்று பொருள். பாப்பி கசகசாச் செடி, காக் சேவல். கசகசா வயலில் மேய்ந்த சேவல் ஒன்று அரசவைக்குள் புகுந்து மூன்று நாள் உரையாற்றியது, மந்திரிகள் குறிப்பெடுத்தார்கள் என்று எழுதினேன். அந்தச் சேவலை அடைகாத்துப் பொரித்தவன் நான்தான்.

மார்ச் 6

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 7

சொல்லிவிட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எது எது பொய் மாமா?"

"ஞாபகம் இருந்தா நான் ஏன் தாயே இப்படி வேர்த்துப்போய் நிக்கிறேன்?"

"இவன் மணி சொன்னாக்கூட நான் கடிகாரத்தப் பாப்பேன்," என்றாள் அக்கா. "இவன நம்புன ஒரே ஜீவன் நீதான்டி."

மகள் திட்டியிருந்தால் தேவலை. "இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன மனுஷன்யா நான்? ஒரு சேவலுக்காக…

மார்ச் 8

குளிக்கும்போது நினைவுக்கு வந்தது. மெய்ப்பு பார்த்த தாளின் மூலையில் பென்சிலால் கையெழுத்துப் போடுவேன். நானே கட்டிய கதைக்கு மட்டும் போடுவதில்லை. பொய்யும் சொல்லிக் கையெழுத்தும் போடும் அளவுக்கு நான் இன்னும் பெரிய மனிதனாகவில்லை. பழைய மெய்ப்பெல்லாம் அச்சகக் கிடங்கில் கிடக்கிறது. முதலாளியிடம் சாவி கேட்டேன்.

"எதுக்குய்யா?"

"சரித்திர ஆராய்ச்சி."

"அப்படியே கரப்பான் பூச்சியையும் எண்ணிட்டு வா."

மார்ச் 14

ஆறு நாளில் ஏழு காகித மலைகள் ஏறி இறங்கினேன். மூன்றாம் மலையில் ஒரு கரப்பான் வாடகை கேட்டது. கையெழுத்து இல்லாத தாள் நாற்பத்தொன்று. அக்கா மகள் ஆபீஸ் விட்டு நேரே கிடங்குக்கு வந்து, தன் நோட்டில் அவற்றை ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசியில் லார்ட், அதாவது பிரபு. 'முதலில் ரொட்டிக்குக் காவல் இருந்தவன்' என்று எழுதியிருந்தேன்.

"இதுவுமா? இது நல்லா இருந்துச்சே மாமா."

அதை எழுதிய அன்று முதலாளி பன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஒருவருக்கும் கொடுக்காமல் தின்றார். அந்த வயிற்றெரிச்சலில் எழுதியது. சொன்னேன். அதையும் அடித்தாள்.

மார்ச் 19

வாசலிலேயே நின்றிருந்தேன். வந்தாள்.

"லார்ட் கேட்டாங்க."

"போச்சு."

"எங்க மாமா ரொட்டிக் காவல்காரன்னு காலண்டர்ல எழுதினார், அது அவரே கட்டுன கதைன்னு அவரே சொல்லிட்டார், நிஜம் எனக்குத் தெரியலைன்னு சொன்னேன்."

அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாராம். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, பிரித்து, இவள் பக்கம் திருப்பி வைத்தாராம். பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு ஒரு சொல், காவலனுக்கு ஒரு சொல். இரண்டும் ஒட்டித் தேய்ந்ததுதான் லார்ட்.

"லேடி, ரொட்டிக்கு மாவு பிசைஞ்சவளாம் மாமா."

"உண்மையாவா?"

இந்தக் கேள்வியை நான் பிறரிடம் கேட்பது வாழ்நாளில் இதுவே முதல் முறை.

"அப்புறம் என்ன சொன்னாங்க?"

"ஏதோ எழுதிக்கிட்டாங்க. போகலாம்னாங்க."

மார்ச் 20

நான் கட்டியது. நானே, பசியில். ஒருவரும் நம்பவில்லை. "எங்கேயாவது படிச்சிருப்ப" என்கிறாள் அக்கா. நாற்பது பொய்யை நம்பிய ஊர் இந்த ஒன்றுக்குச் சாட்சி கேட்கிறது.

ஏப்ரல் 11

கடிதம் வரவில்லை. அவளிடம் கேட்கவும் பயம்.

செப்டம்பர் 26

அடுத்த வருடக் காலண்டருக்குப் பழைய தாள்களிலிருந்தே பொறுக்கிப் போட்டிருந்தேன். சேவலையும் சத்தமில்லாமல் உள்ளே விட்டிருந்தேன். இந்த முறை மெய்ப்பை அக்கா மகளுக்கும் அனுப்பினேன். இன்று திரும்பி வந்தது. உறையின் மேல் அகராதி அலுவலக முத்திரை, அதன் கீழே 'உதவி ஆசிரியர்' என்று அவள் பெயர்.

சிவப்பு மையில் ஒரே கோட்டில் சேவல் காலி. உண்மையான தாள்களின் மூலையில் எல்லாம் அவள் கையெழுத்து. லார்ட் தாளில் மட்டும் மூலை வெறுமையாக இருந்தது. ஒரு துண்டுச் சீட்டைக் குத்தியிருந்தாள்: 'இது உங்களோடது மாமா. நீங்களே போடுங்க.'

ஏழு மலையையும் வாடகை கேட்ட கரப்பானையும் யாரும் நம்ப வேண்டாம். ரொட்டி மட்டும் உண்மை. பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.