கடைசி வரியில் யாரும் இல்லை

பாய்,

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் இன்று காலை மைதாப் பசை வாசனை. வாளியோடு ஒருவர் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். செத்தவர் யார் என்று பார்க்கும் முன்பே என் கண் அடியில் இருக்கும் கடைசி வரிக்குப் போய்விட்டது. மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாவுச் சுவரொட்டியைப் படித்து நிம்மதி அடைகிறவளை வேறு எப்படித்தான் பார்ப்பது? இது புரியக்கூடிய ஒரே ஆள் நீங்கள். உங்களிடம்தான் இப்போது சொல்ல முடியாது.

பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளைப் புது எழுத்துக்கு மாற்றும் அந்த மென்பொருளை உங்கள் அச்சகத்துக்காக எழுதினீர்கள். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்தும் வைத்தீர்கள். மலைமேல் எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய வினாத்தாள்களை மீட்க நான் அதை எடுத்தேன், பிழை கண்டேன், திருத்தம் அனுப்பினேன். முகம் தெரியாமலே இருவரும் ஆங்கிலத்தில் சண்டை போட்டோம். ஒருநாள் நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில் உங்கள் அச்சகத்தின் பெயரும் கள்ளக்குறிச்சியும் இருந்தன. இறங்கி வந்து கடை வாசலில் நின்றேன்.

“இன்னா டீச்சர், நீங்க வெள்ளிமலையா? நான் ஜெர்மனின்னு நெனச்சிக்கினு இருந்தேன்!”

நான் உங்களைக் கனடா என்று நினைத்திருந்தேன். டீ ஆறிப் போகும்வரை சிரித்தோம்.

உங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், இருவரும் மாதிரித் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். அதையே மென்பொருளுக்கும் கொண்டுவந்தீர்கள். எந்தத் திருத்தமானாலும் இரண்டு பேர் படித்து, “பாத்தாச்சு, ஓட்டலாம்” என்று எழுதிய பிறகே உள்ளே போகும். யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என்று எங்கெங்கோ அச்சகங்கள் அதை நம்பி ஓடின. படிக்கும் அந்த இரண்டு பேர் என்னவோ நீங்களும் நானும்தான். என் வேலையை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பீர்கள்! நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், “சண்ட நடந்தாத்தான் டீச்சர், ஜனம் இருக்குதுன்னு அர்த்தம்” என்பீர்கள்.

மார் வலிக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்த நீங்கள் எழவே இல்லை. அதற்குப் பிறகு மென்பொருளின் இணையப் பக்கத்தைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. சாமை அறுப்பு முடிந்தது, பொங்கலும் போனது.

அப்புறம்தான் இதே நிறுத்தத்துச் சுவரில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். ஒரு பெரியவர் படம். தோற்றம், மறைவு. ‘உங்கள் பிரிவால் வாடும்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத்தாள். அழுவதற்கு ஒருவரும் இல்லாமல் அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் மாதிரித் தாளை யார் படிப்பார்கள்? இந்த வட்டாரத்து அச்சகங்கள் எல்லாம் நம் மென்பொருளைத்தான் வைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கைப்பேசியில் பக்கத்தைத் திறந்தேன். எல்லாம் ஜம்மென்று இருந்தது. வரிசையாகப் பச்சைக் குறிகள். மென்பொருள் ஆரோக்கியமாக இருப்பதாக மேலே ஒரு பட்டை வேறு. வந்தவர்களுக்கு வரவேற்பு, திருத்தங்களுக்கு ஒப்புதல், எல்லாவற்றிலும் உங்கள் பெயர். முந்தின நாள்கூட எழுதியிருந்தீர்கள்: “பாத்தாச்சு, ஓட்டலாம்.” உச்சி வெயிலில் நின்று தேதியை இரண்டு முறை பார்த்தேன்.

நடுவில் யாழ்ப்பாணத்து அச்சகக்காரி ஒருவர், சுவரொட்டிகளில் கடைசி வரி காணாமல் போகிறது என்று கேட்டிருந்தார். “நன்றி, விரைவில் பார்ப்போம்” என்று நீங்கள் பதில் சொல்லிக் கேள்வியை மூடியிருந்தீர்கள். அவர் விடாமல், “ஆராவது இருக்கிறியளோ?” என்று கேட்டிருந்தார். அதற்கும் அதே நன்றி.

நேரே கடைக்குப் போனேன். உங்கள் வீட்டு அக்காதான் கல்லாவில் இருந்தார். மூலையில் உங்கள் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

“அத மட்டும் அணைக்கல டீச்சர். அப்பப்ப டிங்குன்னு சத்தம் வரும். வூட்டுக்காரரு உள்ள வேலையா இருக்காருன்னு நெனச்சிக்குவேன்.”

திரை முன்னால் போய் நின்றேன். டிங். உங்கள் பெயர் வந்தது: “பாத்தாச்சு, ஓட்டலாம்.” மறுபடியும் டிங். அதற்குக் கீழே என் பெயர்: “பாத்தாச்சு, ஓட்டலாம்.” என் இரண்டு கையும் கைப்பையின் வாரைப் பிடித்தபடி இருந்தன, பாய். நான் எதையும் தொடவில்லை.

“நீங்க மலையேறிட்டா சிக்னல் இருக்காதாம். வேல நிக்கக் கூடாதுன்னு, உங்க பேர்ல கம்ப்யூட்டரே எழுதிக்கிற மாதிரி அவருதான் செஞ்சி வச்சாரு. அவரு வெளியூரு போனாலும் அப்டித்தான். ‘டீச்சர் பாத்தா சரின்னுதான் சொல்லுவாங்க’ம்பாரு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களிடம் நான் எப்போது சட்டென்று சரி என்று சொன்னேன்? இத்தனை மாதமும் அங்கே நீங்களும் இல்லை, நானும் இல்லை. நம் பெயர்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தன. எவரோ அனுப்பிய ஓட்டைத் திருத்தம் ஒன்று அந்தத் தலையாட்டலில் உள்ளே புகுந்து, செத்தவர்களின் சொந்தபந்தத்தை எல்லாம் அழித்துக்கொண்டிருந்தது.

அணைத்துவிடலாமா என்று கேட்டேன். அக்கா முந்தானையால் திரையைத் துடைத்தார்.

“அப்ப இனிமே சத்தம் வராது, இல்லீங்களா?”

அக்காவே பொத்தானை அழுத்தினார்.

பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். உங்கள் கணினி ஓடியிருந்தால் அது தானாகவே உள்ளே போயிருக்கும். இப்போது பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரிக்கு எழுதினேன்: “இருக்கிறேன். மன்னியுங்கள். இதை நீங்கள் பார்ப்பீர்களா?” எழுதிவிட்டு மலையேறினேன்.

வாரக் கடைசியில் இறங்கும்போது, சிக்னல் வரும் அந்த வளைவில் கைப்பேசி சத்தம் போட்டது. மறுபடியும் வெறும் நன்றியோ என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரிதான்.

“முழுக்கப் பாத்தனான். ஓட்ட வேண்டாம். ரெண்டு பக்கக் கோப்பெண்டா இன்னும் கடைசி வரி விடுபடுது.”

பேருந்தில் எல்லாரும் பார்க்க அழுதேன். என் வேலையை ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார், பாய். ஜனம் இருக்கிறது.

இரண்டு பேர் பார்க்காமல் எதையும் அனுப்பக் கூடாது என்பது உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் இந்த மடலை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “டீ ஆறிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அவரு எந்தக் காலத்துல டீய ஆற வுட்டாரு?” என்று சண்டைக்கு வந்தார். ஆறியது என் டீதான். யாழ்ப்பாணத்துக்காரிக்கும் அனுப்பினேன். ஒரு பிழையும் சொல்லாமல், “கடைசி வரியில என்ர பேரையும் போடுங்கோ” என்று மட்டும் எழுதினார்.

உங்கள் பிரிவால் வாடும்
மனைவி, வெள்ளிமலை டீச்சர், யாழ்ப்பாணத்து அச்சகக்காரி.